குடும்பத்தோடு மிஷன் பயணம்: பிள்ளைகள் இல்லம் ஏன் நிகழ்ச்சி நிரலில் இருக்கக் கூடாது?

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் தமிழ்ச் சபைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரியான படங்கள் வரத் தொடங்கும். விமான நிலையத்தில் ஒரே நிறச் சட்டை அணிந்து நிற்கும் இருபது பேர், ஒருவர் தோளில் கிட்டார், இன்னொருவர் கையில் பலூன்களும் வண்ணப் பென்சில்களும் நிறைந்த பை. கம்போடியா, வட தாய்லாந்து, நேப்பாளம், பாத்தாம், இலங்கை மலையகம், தமிழ்நாடு என்று ஏழு நாளோ பத்து நாளோ போய் வருவார்கள். சபைகளில் இதற்குக் குறுகிய கால ஊழியப் பயணம் என்று பெயர். பேச்சு வழக்கில் மிஷன் டிரிப்.

முன்பெல்லாம் இதற்கு இளையோர் அணியினர்தாம் போவார்கள். இப்போது அப்பா, அம்மா, ஆரம்பப் பள்ளியில் படிக்கும் பிள்ளை, சில வேளைகளில் பாட்டி வரை புறப்படுகிறார்கள். மலிவு விலை விமான டிக்கெட்டும், பெரும்பாலான ஆசியான் நாடுகளுக்கு மலேசியக் கடப்பிதழை நீட்டினால் விசா இல்லாமல் நுழையலாம் என்ற வசதியும் இதற்குப் பெரிய காரணங்கள்.

குடும்பமாகப் போவதில் தவறில்லை. ஆனால் குழுவில் எட்டு வயதுப் பிள்ளை சேர்ந்தவுடன் ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு கேள்வி வந்துவிடுகிறது: இவர்களை எங்கே அழைத்துப் போவது? மருத்துவ முகாமில் சிறுவர்களுக்கு வேலையில்லை. கட்டுமான வேலை ஆபத்து. பாதுகாப்பாகவும் படம் எடுக்க அழகாகவும் மனத்தைத் தொடுவதாகவும் இருக்கக்கூடிய ஓரிடம் பிள்ளைகள் இல்லம். பிள்ளைகளோடு பிள்ளைகள் பாடலாம், விளையாடலாம். இப்படித்தான் குடும்பப் பயணங்களின் நிகழ்ச்சி நிரல் ஆதரவற்ற பிள்ளைகள் இல்லத்தின் பக்கம் சாய்கிறது. இந்தப் பயணங்களால் கெடுதல் நேரக்கூடிய இடங்களில் முதலாவது அதுதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பெற்றோரின் கணக்கு

பெற்றோரின் எண்ணத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. அவர்களில் பலர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். ஒரே அறையில் ஆறு பேர் படுத்து எழுந்த வீடு, தண்ணீர்க் குழாயடியில் வரிசை, ஐந்து மணிப் பெரட்டு எல்லாம் அவர்களுக்குக் கதையல்ல, நினைவு. அவர்களின் பிள்ளைகளோ கிள்ளானிலும் சுங்கை பட்டாணியிலும் தனி அறை, தனிக் கைப்பேசியோடு வளர்கிறார்கள். சோற்றை மிச்சம் வைத்தால் வரும் கோபத்தின் காரணம் பிள்ளைக்குப் புரிவதில்லை. உலகத்தில் இன்னும் எத்தனை பேர் எப்படி வாழ்கிறார்கள் என்பதைக் கண்ணால் பார்க்கட்டும் என்று பெற்றோர் நினைப்பதில் நியாயம் இருக்கிறது.

இன்னொரு நியாயமும் உண்டு. வார நாளெல்லாம் ஷிப்ட் வேலை, டியூஷன் என்று ஓடும் குடும்பம் பத்து நாள் ஒன்றாக வேலை செய்கிறது. அப்பா வெங்காயம் உரிப்பதைப் பிள்ளை பார்க்கிறது. அம்மா மேடையேறிப் பேசுவதைப் பார்க்கிறது. மொழியிலும் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. நுவரெலியா தேயிலைத் தோட்டத்திலோ தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமத்திலோ மலேசியத் தமிழ்க் குடும்பத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம். பாத்தாமிலும் மேடானிலும் மலாய் கைகொடுக்கும். சியோலிலிருந்தோ டெக்சஸிலிருந்தோ வரும் குழுவுக்கு இந்த வசதி கிடையாது. இதைச் சபைகள் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை என்பது வேறு விஷயம்.

பயணத்தால் போகிறவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்விக்கு நிறையப் பதில்கள் இருக்கின்றன. திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும் நேரத்தில் அவற்றைக் கேட்கலாம். அந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு என்ன கிடைத்தது என்று யாரும் மைக்கைப் பிடித்துச் சொல்வதில்லை. அவர்கள் அங்கே இருப்பதில்லையே.

பத்து நாளும் ஐம்பது ஆண்டும்

குறுகிய காலம் என்ற வடிவமே அண்மையது. அமெரிக்காவில் ஜார்ஜ் வெர்வர் 1957இல் நண்பர்களோடு மெக்சிகோ போனதிலிருந்து வளர்ந்தது ஆப்பரேஷன் மொபிலைசேஷன். லோரன் கன்னிங்ஹாம் 1960இல் தொடங்கியது ஒய்வாம். இளைஞர்களைக் கோடைக்காலத்துக்கு மட்டும் வெளிநாட்டுக்கு அனுப்பும் பழக்கத்தை இந்த இரண்டு அமைப்புகளும்தாம் உலகெங்கும் பரப்பின. கிள்ளான் துறைமுகத்துக்கும் பினாங்குக்கும் வந்த டூலோஸ் புத்தகக் கப்பலில் ஏறிப் புத்தகம் வாங்கிய நினைவு இங்குள்ள பலருக்கும் இருக்கும். அந்தக் கப்பல் ஆப்பரேஷன் மொபிலைசேஷனுடையது. சமூகவியலாளர் ராபர்ட் வுத்னோவின் கணிப்புப்படி, 2000ஆம் ஆண்டுகளின் நடுவில் அமெரிக்காவிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 16 லட்சம் பேர் இப்படி வெளிநாட்டுக்குப் போய் வந்தார்கள். பிறகு கொரியா, சிங்கப்பூர், மலேசியா என்று பழக்கம் பரவியது.

தமிழ்க் கிறிஸ்தவர்களின் சொந்தக் கதை இதற்கு நேர் எதிர். சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கி முதலில் செய்த வேலை, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றது. அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தமிழில் அச்சேற ஏறக்குறைய எட்டு ஆண்டு பிடித்தது. 1719இல் தரங்கம்பாடியிலேயே இறந்தார். அந்தத் தரங்கம்பாடி வழிவந்த தமிழ் லுத்தரன்கள்தாம் இன்றைய மலேசிய சுவிசேஷ லுத்தரன் சபையின் வேர்.

குடும்ப ஊழியம் என்றால் கால்டுவெல் குடும்பத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். தமிழ் படித்தவர்களுக்கு ராபர்ட் கால்டுவெல் என்றால் 1856இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூல். அவருடைய மனைவி எலைசாவைப் பற்றிப் பேசுபவர் குறைவு. நாகர்கோவிலில் மால்ட் என்ற மிஷனரி தம்பதிக்குப் பிறந்து, தமிழைக் காதில் கேட்டே வளர்ந்தவர் அவர். எலைசாவின் தாயார் மார்த்தா நாகர்கோவில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். மகள் அதே கைத்தொழிலை இடையன்குடிக்குக் கொண்டுபோனார், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியும் நடத்தினார். கால்டுவெல் இடையன்குடிக்கு வந்தது 1841இல். 1891இல் கொடைக்கானலில் இறந்தபின் உடலை இடையன்குடிக்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

அந்த மிஷனரிகளிடம் குறை இல்லை என்று சொல்லிவிட முடியாது. காலனி அரசின் நிழலில் வந்தவர்கள், சாணார்களைப் பற்றிக் கால்டுவெல் எழுதியது அந்தச் சமூகத்தில் பெரிய கொந்தளிப்பை உண்டாக்கியது. ஆனால் ஒன்று உண்டு. எழுதியதற்கும் செய்ததற்கும் அவர்கள் அதே ஊரில் இருந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது. பத்தாம் நாள் விமானம் ஏறிவிடுகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

எட்டாயிரம் வெள்ளி

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நால்வர் கொண்ட குடும்பத்துக்குத் தலைக்கு 2,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 8,000 வெள்ளி. நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அந்தச் சம்பளம் வாங்குபவருக்கு இது ஏறக்குறைய ஐந்து மாத உழைப்பு. கம்போடியாவில் ஆடைத் தொழிற்சாலை ஊழியரின் குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் மாதம் 208 அமெரிக்க டாலர். அங்கே அதே பணம் சுமார் ஒன்பது மாதச் சம்பளம். பத்து நாளில் ஒரு சுவருக்குச் சாயம் அடித்துவிட்டு வருவதற்கு ஆகும் செலவு இது. அந்தச் சுவருக்குச் சாயம் அடிக்க உள்ளூரிலேயே வேலையில்லாத ஆள் இருப்பார்.

பணத்தை மட்டும் அனுப்பிவிடலாமே என்ற வாதத்துக்கு, நேரில் போனால்தான் பிறகு தொடர்ந்து கொடுக்கத் தோன்றும் என்பது வழக்கமான பதில். இதை ஓர் ஆய்வு சோதித்துப் பார்த்தது. 1998இல் மிட்ச் புயல் ஹொண்டுராஸ் நாட்டைச் சீரழித்தது. அங்கே வாழ்ந்துவந்த சமூகவியலாளர் கர்ட் வெர் பீக், வட அமெரிக்கக் குழுக்கள் வந்து கட்டிக்கொடுத்த வீடுகளையும் உள்ளூர் ஆட்களே கட்டிய வீடுகளையும் ஒப்பிட்டார். வீடு பெற்ற குடும்பங்களின் வாழ்க்கையில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. போய் வந்தவர்களின் கொடுக்கும் பழக்கத்திலும் நீடித்த பெரிய மாற்றம் காணப்படவில்லை. அந்த ஆய்வை நடத்தியவர் சமய எதிர்ப்பாளர் அல்லர், கிறிஸ்தவக் கல்லூரியொன்றின் பேராசிரியர்.

சுற்றுலாவுக்கும் அதே எட்டாயிரம் செலவாகிறதே, அதை யாரும் கேட்பதில்லையே என்று சொல்லலாம். சரிதான். ஆனால் சுற்றுலாவுக்கு யாரும் சபையில் காணிக்கை எடுப்பதில்லை.

பெற்றோர் இருந்தும் அனாதைகள்

இனி, பிள்ளைகள் இல்லத்துக்கு வருவோம்.

கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையில் பிள்ளைகள் இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு கூடியது. அந்த ஆண்டுகளில் அங்கே போர் இல்லை. பெற்றோரை இழந்த பிள்ளைகள் திடீரென்று பெருகவும் இல்லை. பெருகியது சுற்றுப்பயணிகளும் தன்னார்வலர்களும் அவர்கள் கொண்டுவந்த நன்கொடையும். 2011இல் யுனிசெஃப் ஆதரவோடு வெளிவந்த ஆய்வு, அந்த இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பங்கினருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருப்பதாகச் சொன்னது. 2015இல் நாடு முழுதும் எடுத்த கணக்கில் 406 இல்லங்களில் 16,579 பிள்ளைகள் இருந்தார்கள்.

பெற்றோர் இருக்கும் பிள்ளை எப்படி அனாதை இல்லத்துக்கு வருகிறது? ஏமாற்று வேலை உண்டு. ஆனால் பெரும்பாலும் வறுமையும் ஒரு வாக்குறுதியும் போதும். அனுப்பி வையுங்கள், சோறு போட்டுப் படிக்க வைக்கிறோம் என்று யாராவது கிராமத்துக்கு வந்து சொல்கிறார்கள். மூன்று பிள்ளைகளில் ஒன்றையாவது படிக்க வைக்கலாம் என்று தாய் அனுப்பிவிடுகிறாள். இல்லத்தில் பிள்ளைகள் இருந்தால்தான் வெளிநாட்டுப் பணம் வரும். பணம் வருவதற்குப் பிள்ளைகள் ஆடிப்பாடி வருகையாளரை வரவேற்க வேண்டும். சில இல்லங்களில் பிள்ளைகள் மெலிந்திருப்பதுகூட வசூலுக்கு உதவியது. நேப்பாளத்திலும் இதே கதைதான். அங்கே பெரும்பாலான இல்லங்கள் இருப்பது ஏழ்மை மிகுந்த தொலைதூர மாவட்டங்களில் அல்ல, காத்மாண்டு, பொக்காரா போன்ற சுற்றுப்பயணிகள் போகும் பகுதிகளில்.

இந்தச் சங்கிலியின் மறுமுனையில் நல்லெண்ணத்தோடு நிற்கிறது ஒரு குடும்பம். அந்த வீட்டுப் பத்து வயதுப் பெண், இல்லத்திலுள்ள ஐந்து வயதுச் சிறுமியோடு மூன்று நாள் ஒட்டிக்கொள்கிறாள். கிளம்பும்போது இருவரும் அழுகிறார்கள். நம் பெண் வீட்டுக்கு வந்து அம்மா மடியில் படுத்துத் தேறிவிடுவாள். அந்தச் சிறுமிக்கு அடுத்த வாரம் இன்னொரு குழு வரும், அதற்கடுத்த வாரம் வேறொன்று. முன்பின் தெரியாதவர் யார் வந்தாலும் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொள்வது அந்தப் பிள்ளையின் மகிழ்ச்சிக்கு அடையாளம் என்று வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நிலையான ஆள் இல்லாமல் வளரும் பிள்ளைகளிடம் தெரியும் பாதிப்பு அது என்று குழந்தை வளர்ச்சி அறிந்தவர்கள் நீண்ட காலமாகச் சொல்லி வருகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளை அறிமுகமில்லாதவர் மடியில் போய் உட்கார்ந்தால் நாம் பதறிப்போவோம்.

நல்லெண்ணம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஹைட்டி ஓர் உதாரணம். 2010 ஜனவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து வந்த 10 பாப்டிஸ்ட் தன்னார்வலர்கள், 33 பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுபோக முயன்று எல்லையில் கைதானார்கள். அனாதைகளைக் காப்பாற்றுவதாகவே அவர்கள் சொன்னார்கள். விசாரித்ததில் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருந்தது தெரிந்தது.

பல அரசாங்கங்கள் இப்போது விழித்துக்கொண்டுள்ளன. 2018இல் நவீன அடிமைத்தனத் தடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, பணத்துக்காகப் பிள்ளைகளை இல்லங்களில் சேர்ப்பதை ஆட்கடத்தலின் ஒரு வடிவமாக ஆஸ்திரேலியா கருதத் தொடங்கியது. 2019 டிசம்பரில் ஐநா பொதுப் பேரவையின் தீர்மானமும் இல்லங்களில் தன்னார்வச் சுற்றுலாவால் வரும் கேட்டைச் சுட்டியது. நம் சபைகளின் அறிவிப்புப் பலகைகளில் இந்தச் செய்தி இன்னும் ஏறவில்லை.

நமக்குப் புதிதல்ல

இது கிறிஸ்தவர்களின் பிரச்சினை மட்டும் என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது உள்நாட்டில் இருக்கும் அன்பு இல்லங்களுக்கு அரிசி மூட்டை, முறுக்கு டின், பதாகை, புகைப்படக்காரரோடு வரிசை பிடித்து நிற்பது யார்? பள்ளி மன்றங்கள், நிறுவனங்கள், அரசியல் கட்சிக் கிளைகள் என்று எல்லாரும்தாம். ஒரே நாளில் மூன்று விருந்து சாப்பிடும் பிள்ளைகளுக்கு பிப்ரவரியில் கணக்குப் பாடம் சொல்லித்தர ஆள் கிடைப்பதில்லை. அந்த இல்லங்களிலும் தாயோ தந்தையோ இருந்தும் வறுமையாலும் குடும்பப் பிளவாலும் வந்து சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் உண்டு.

2024 செப்டம்பரில் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் 20 இல்லங்களில் காவல் துறை நடத்திய சோதனையில் 402 பிள்ளைகள் மீட்கப்பட்டதை நாடே பார்த்தது. பிள்ளைகளைக் காட்டி, மக்களின் சமய உணர்வையும் இரக்கத்தையும் பயன்படுத்தி நன்கொடை திரட்டியதாகக் காவல் துறை சொன்னது. அவர்களில் பலருக்குப் பெற்றோர் இருந்தனர். நம் ஊரில் நம் மொழியில் நம் சமூக நல இலாகாவின் கண் முன்னாலேயே இப்படி நடக்க முடியுமென்றால், மொழி தெரியாத சியாம் ரீப்பில் மூன்று நாள் தங்கும் குடும்பத்தால் எந்த இல்லம் உண்மையானது என்று எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

சட்டமும் ஆபத்தும்

ஏற்பாட்டாளர்கள் மெதுவாகச் சொல்லிக் கடந்துவிடும் இன்னொரு பகுதி சட்டம். நேப்பாளத்தின் 2015 அரசியலமைப்பு மதமாற்றம் செய்வதைத் தடை செய்கிறது. 2018 ஆகஸ்டில் நடப்புக்கு வந்த குற்றவியல் சட்டத்தின்படி ஐந்து ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்த ஏழு நாளுக்குள் நாடு கடத்தப்படுவார். கம்போடியாவில் பௌத்தம் அல்லாத சமயத்தைப் பொது இடத்தில் பரப்புவதற்கும், பணமோ பொருளோ கொடுத்து மதம் மாற்றுவதற்கும் தடை உண்டு. பலூனும் வண்ணப் பென்சிலும் கொடுத்துவிட்டு வேதக் கதை சொல்வது இதில் எந்தப் பக்கம் சேரும் என்பதை யோசிக்க வேண்டும்.

இந்தியாவுக்கு மிஷனரி விசா என்று தனிப் பிரிவே இருக்கிறது. சுற்றுலா விசாவில் போய்ப் பிரசங்கம் செய்வது விதிமீறல். இதில் மலேசியர்களுக்கு ஒரு பாடம் ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. 2020இல் டில்லி நிஜாமுடின் தப்லிக் கூட்டத்துக்குப் பிறகு, சுற்றுலா விசாவில் வந்து சமயப் பணியில் ஈடுபட்டதாக 960 வெளிநாட்டினரை இந்தியா கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. மலேசியர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் டில்லி நீதிமன்றத்தில் பிணை கேட்டு நிற்க வேண்டி வந்தது. வெளிநாட்டவர் பலரை நீதிமன்றங்கள் பின்னர் விடுவித்தன. அதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. சமயம் வேறாக இருந்தாலும் விசா விதி ஒன்றுதான்.

உயிராபத்து அரிது. அரிதானாலும் நடந்திருக்கிறது. 2007 ஜூலையில் ஆப்கானிஸ்தானுக்குக் குறுகிய காலப் பயணம் போன 23 கொரியர்களைத் தாலிபான் பிணை பிடித்தது. இருவர் கொல்லப்பட்டனர். 2021 அக்டோபரில் ஹைட்டியில் பிள்ளைகள் இல்லமொன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிய 17 பேரை ஒரு கும்பல் கடத்தியது. அவர்களில் ஐவர் பிள்ளைகள், ஆகச் சிறியது எட்டு மாதக் குழந்தை. பெரியவர் தம் நம்பிக்கைக்காகத் தம் உயிரைப் பணயம் வைப்பது அவர் விருப்பம். எட்டு மாதக் குழந்தைக்கு அப்படி ஒரு விருப்பம் இருக்க முடியாது.

தைப்பூசமும் கிறிஸ்துமஸும் ஒரே குடும்பத்தில்

2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களில் 86 விழுக்காட்டினர் இந்துக்கள், 6 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். எண்ணிக்கை இப்படி இருந்தாலும் குடும்பங்கள் பிரிந்து கிடக்கவில்லை. பெரியப்பா வீட்டில் காவடி, சித்தி வீட்டில் கிறிஸ்துமஸ் மரம் என்பது சாதாரணம். அதனால் நேப்பாளத்துக்கோ தமிழ்நாட்டுக்கோ போய் வந்த குழு 'இருளில் இருந்தவர்களுக்கு ஒளி' என்று தலைப்பிட்டு முகநூலில் படம் போடும்போது, அதைப் பார்ப்பவர்களில் சொந்தப் பெரியப்பாவும் இருக்கிறார். விபூதி பூசிய ஓர் ஏழைக் கிழவியின் படத்துக்குக் கீழே அந்த வரி இருந்தால் அவர் என்ன நினைப்பார்? கல்யாண வீட்டில் பேச்சு நின்றுபோவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

தம் சமயத்தை அறிவிக்கும் உரிமை கிறிஸ்தவர்களுக்கு உண்டு. நம் கூட்டரசு அரசியலமைப்பின் 11ஆவது பிரிவே சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது, முஸ்லிம்களிடம் பரப்புவதைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு அதிகாரமும் தருகிறது. எங்கே என்ன பேசலாம், எங்கே பேசக்கூடாது என்று உள்நாட்டில் அளந்து பேசப் பழகியவர்கள் மலேசியக் கிறிஸ்தவர்கள். விமானம் ஏறியதும் அந்த அளவுகோலைக் கழற்றி வைத்துவிடுவதுதான் விசித்திரம். நோயாளிக்கு மருந்து கொடுப்பதற்கு முன் பிரசங்கத்தைக் கேட்க வைப்பது எந்த ஊரிலும் அழகில்லை. அழைத்த சபைக்கும் அதனால் சிக்கல். குழு பத்தாம் நாள் கிளம்பிவிடும், பக்கத்து வீட்டுக்காரரின் கோபம் உள்ளூர்ப் போதகரோடு தங்கிவிடும்.

போவதானால்

இதையெல்லாம் சொல்வது பயணத்தையே நிறுத்துவதற்காக அல்ல. ஒரே ஊருக்கு ஆண்டுதோறும் போகும் குழுக்களும் உண்டு. அங்குள்ள சபை கேட்ட வேலையை மட்டும் செய்கிறார்கள். ஒரு தாதி அங்குள்ள தாதியருக்குப் பயிற்சி தருகிறார், ஒரு கணக்காளர் சபையின் கணக்கு வழக்கைச் சரிசெய்து கொடுக்கிறார். இவை படத்தில் அழகாக வராது. அவர்களோடு போகும் பிள்ளைகளுக்கும் வேலை இருக்கிறது: விருந்தோம்பும் வீட்டில் தங்குவது, அந்த வீட்டுப் பிள்ளையோடு சந்தைக்குப் போவது, பாத்திரம் கழுவுவது, சில சொற்கள் கற்றுக்கொள்வது. பெற்றோரோடு வாழும் பிள்ளையைத் தோழனாக்கிக்கொண்டு திரும்பினால், அந்த நட்பு அடுத்த ஆண்டும் இருக்கும்.

அழைப்பு யாரிடமிருந்து வந்தது என்பது முதல் கேள்வி. அங்கிருந்து கேட்டார்களா, இங்கிருந்து தேதி குறித்துவிட்டு இடம் தேடினார்களா? பள்ளி விடுமுறை நமக்கு வசதி, அவர்களுக்கு அது அறுவடைக் காலமாக இருக்கலாம். விசா எந்தப் பிரிவு, காப்புறுதி உண்டா, பயண விவரம் விஸ்மா புத்ராவில் பதிவாகியிருக்கிறதா என்பவை அடுத்தவை. இவற்றைக் கேட்பதை விசுவாசக் குறைவு என்று சொல்லும் ஏற்பாட்டாளரோடு பிள்ளைகளை அனுப்பாமல் இருப்பதே நல்லது.

நிகழ்ச்சி நிரலில் பிள்ளைகள் இல்லம் இருந்தால் இரண்டு எண்களைக் கேட்க வேண்டும். இங்குள்ள பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தாயோ தந்தையோ இருக்கிறார்கள்? போன ஆண்டு எத்தனை பேர் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்? இரண்டாவதற்கு விடை பூச்சியம் என்றால், நன்கொடை எதற்குப் போகிறது என்பது தெரிந்துவிடும்.

கம்போடிய அரசாங்கம் யுனிசெஃப் உதவியோடு ஐந்து மாநில இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் 30 விழுக்காட்டினரை 2018க்குள் குடும்பங்களோடு சேர்க்க இலக்கு வைத்து வேலையைத் தொடங்கியது. கிறிஸ்தவ அமைப்புகள் நடத்திய இல்லங்களில் சிலவும் இந்த வழிக்கு வந்தன. படுக்கைகளை எடுத்துவிட்டு வகுப்பறைகளாக மாற்றின. தாய்க்குத் தையல் இயந்திரமோ பிள்ளைக்குப் பள்ளிச் செலவோ கொடுத்தால், ஒரு பிள்ளையை இல்லத்தில் வைத்துப் பராமரிப்பதைவிடக் குறைவாகவே ஆகிறது என்று அவை கண்டுகொண்டன. அப்படி மாறிய இடத்துக்குப் பலூனோடு போகும் குழுவுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். பாடம் முடிந்ததும் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.